மனநல வார்டில் சாமிக்கயிறு, ஜெபமாலை, தீர்த்தம்: முடிவெடுக்க வேண்டியது யார்?

தேவனாம்பட்டினத்தாள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கடலூர், வேலை புதுச்சேரியில் ஒரு மனநல வார்டில். அடுத்த மாதத்திலிருந்து வார்டு நர்ஸ்களுக்குத் தலைமை தாங்கும் இன்-சார்ஜ் பொறுப்பு எனக்கு வருகிறது. என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று சீனியர்களைக் கேட்டால் இண்டென்ட் (மருந்து, பொருள் கேட்டு எழுதும் சீட்டு), லினன் கணக்கு, டூட்டி ரோஸ்டர், ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று அடுக்குகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் வார்டில் தினமும் தகராறு ஆவது வேறு விஷயத்துக்கு.

தற்கொலைக்கு முயன்ற ஒரு பெண் அட்மிஷனுக்கு வருகிறார் என்று வையுங்கள். பாதுகாப்புக்காகத் துப்பட்டா, வளையல், கயிறு எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. கழுத்தில் மேல்மலையனூரில் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. ஒரு சிஸ்டர் கத்தரியை எடுத்து வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். இன்னொருவர் சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயந்து தொடவே மாட்டார். மூன்றாமவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எதுக்குக் கட்டினாங்கம்மா?" என்று கேட்டு, அவிழ்த்துக் கவரில் போட்டு, பெயர் எழுதி, அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். மூவரும் ஒரே வார்டில், ஒரே வாரத்தில்.

அந்த நோயாளிக்கு எது நடக்கும் என்பது அன்றைக்கு யார் டூட்டி என்பதைப் பொறுத்து இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. நோயாளியின் நம்பிக்கையை வார்டு எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு முறை வைப்பது இன்-சார்ஜின் வேலை என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? இதற்கு யாராவது பயிற்சி தருகிறார்களா?

மருந்துச்சீட்டு

சிஸ்டர், நான் மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறவன். மரியாதையோடு மறுக்கிறேன். வார்டுக்குள் ஆன்மிகத்தைக் கொண்டுவந்தால் மருந்து இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். ஓ.பி.யில் நான் பார்க்கும் பல பேர் முதலில் கோயில், அப்புறம் மந்திரவாதி, அப்புறம் ஜெபக்கூட்டம், கடைசியாகத்தான் எங்களிடம் வருகிறார்கள். அதற்குள் நோய் முற்றியிருக்கிறது. 2015-16ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை என்றது அது. ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் கருகினார்கள். அந்தப் பாதைக்கு நாம் கதவைத் திறக்கக் கூடாது.

தேவனாம்பட்டினத்தாள்

டாக்டர், ஏர்வாடியை நானும் மறக்கவில்லை. ஆனால் நான் கதவைத் திறப்பதாகச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. நோயாளி கயிற்றோடுதான் வருகிறார். பார்வையாளர் நேரத்தில் விபூதி வருகிறது, ஓதிய தண்ணீர் வருகிறது, பைபிள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாம் பார்க்காத மாதிரி இருக்கிறோம், அவ்வளவுதான்.

மேட்ரன்அம்மா

ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கேள்வியை ஒரு இன்-சார்ஜ் கேட்கிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், கண்ணு.

சட்டத்திலிருந்து தொடங்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதில் 20ஆம் பிரிவை எடுத்துப் படி. மனநல நிலையத்தில் இருப்பவருக்குப் பொழுதுபோக்கு, கல்வி இவற்றோடு சமய வழிபாட்டுக்கும் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதே பிரிவில்தான் கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, சொந்தத் துணி உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது என்பதும் வருகிறது. 95ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. ஆக, வழிபட வசதி செய்து கொடு என்று சொல்வதும், பக்தியின் பெயரால் கட்டிப்போடாதே என்று சொல்வதும் ஒரே சட்டம். டாக்டர் தம்பி பயப்படுகிற விஷயமும் நீ கேட்கிற விஷயமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அடுத்தது தலைமை. நம் துறையில் பதவி சீனியாரிட்டியில் வருகிறது, பயிற்சியில் வருவதில்லை. எலும்பு முறிவு வார்டில் வருஷக்கணக்காக இருந்தவரை ஒரே ஆர்டரில் மனநல வார்டுக்கு இன்-சார்ஜ் ஆக்குவார்கள். மனநல நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோ முடித்த பிள்ளை பிரசவ வார்டில் இருப்பாள். பி.எஸ்ஸி. நர்சிங்கின் புது செமஸ்டர் பாடத்திட்டத்தில் நிர்வாகமும் தலைமையும் என்று ஒரு பாடமே வைத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் படித்து முடித்து வேலைக்கு வந்து, இன்-சார்ஜ் நாற்காலியில் உட்காரும் அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்-சார்ஜுக்கு உள்ள உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓவர் கொடுக்கும் நேரத்தில், அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் நேரத்தில். காலையில் நைட் டூட்டி சிஸ்டர் ஓவர் கொடுக்கும்போது நீ என்ன கேட்கிறாயோ அதைத்தான் அடுத்த நாள் எல்லோரும் கவனித்து வைப்பார்கள். "தூங்கினாரா, சாப்பிட்டாரா, மாத்திரையை முழுங்கினாரா" என்று மட்டும் கேட்டால் அது மட்டும்தான் வரும். "ராத்திரி என்ன சொல்லி அழுதார்" என்று ஒரு நாள் கேட்டுப் பார்.

தொகுப்பூதியம்

அம்மா சொல்வது சரி. ஆனால் நைட்டில் ஒரே ஆளாக நிற்கும்போது யாரிடம் போய் என்ன சொல்லி அழுதீர்கள் என்று கேட்பது? போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. எந்த வார்டில் அப்படி இருக்கிறது? ஒப்பந்தத்தில் இருக்கிற எங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்றே தெரியாது. இதில் ஆன்மிகத் தேவையையும் கவனியுங்கள் என்றால் அது இன்னொரு ஃபார்ம் நிரப்பும் வேலையாகத்தான் முடியும்.

தேவனாம்பட்டினத்தாள்

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை தோழி. ஆள் பற்றாக்குறை உண்மை. புது ஃபார்ம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கெடிலக்கரை

நான் நர்ஸ் இல்லை. என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். குடும்பத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அவனுக்கு முதலில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தபோது வீட்டில் காத்து கருப்பு என்றார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் ஊஞ்சல் விழாவுக்குக் கூட்டிப்போனோம். அப்புறம் ஒருவர் சொன்னார் என்று தர்காவுக்கு, இன்னொருவர் சொன்னார் என்று வில்லியனூர் மாதா கோயிலுக்கு. எங்கேயும் அவனை யாரும் அடிக்கவில்லை, கட்டவில்லை. ஆனால் குரல் நிற்கவில்லை. மருந்து எடுத்த பிறகுதான் நின்றது. டாக்டர் சொல்வதை அதனால் நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். குரல் நின்ற பிறகு அவன் சும்மா உட்கார்ந்தே இருந்தான். பேச்சில்லை, குளியல் இல்லை. ஃபாலோ-அப்புக்குப் போனபோது ஒரு சிஸ்டர் அவனிடமே கேட்டார்: "முன்னாடி எங்க போனா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?" வடலூர் என்றான். எங்கள் அப்பா சின்ன வயதில் அழைத்துப்போன இடம். "அப்ப மாத்திரையும் போடுங்க, வடலூரும் போங்க" என்றார் அந்த சிஸ்டர். அவ்வளவுதான் சொன்னார். இப்போது தருமச்சாலைக்குப் போகிறான், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறான், இலை எடுக்கிறான். வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு அது, இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே அவனை யாரும் நோயாளி என்று பார்ப்பதில்லை. "தம்பி, இந்தப் பக்கம் ரசம்" என்று கூப்பிடுகிறார்கள். மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை, ஏனென்றால் விட்டால் போக முடியாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை டாக்டர்கள் யாரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு நேரம் இல்லை.

மருந்துச்சீட்டு

அண்ணா, இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. மருத்துவ இதழ் ஒன்றில் படித்த ஒரு விஷயம் இதோடு பொருந்துகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் மனநோயாளிகள் வந்து தங்கும் ஒரு முத்துசாமி கோயிலில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2002ல் வெளிவந்தது. 31 பேரைக் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தவர்களுக்கு நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூஜை நேரத்தில் நிற்பது, இவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, எண்ணிக்கையும் சிறியது. அதனால் மருந்துக்குப் பதில் கோயில் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மிரட்டாத, ஆதரவான ஓர் இடம் மனிதருக்கு ஏதோ செய்கிறது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

என் கவலை இன்னும் தீரவில்லை. கேட்பது யார், எந்த அளவுக்கு, எங்கே நிறுத்துவது?

வில்லியனூர்ஜோ

அந்த 'எங்கே நிறுத்துவது' என்பதைப் பேசலாம். நான் கிறிஸ்தவள், ஆழமான நம்பிக்கை உள்ளவள். ஜெபம் பண்ணாமல் டூட்டிக்குப் போக மாட்டேன். ஆனால் யூனிஃபார்ம் போட்ட பிறகு நோயாளியின் கையைப் பிடித்து நானாக ஜெபம் செய்ய ஆரம்பிப்பது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் மாத்திரை, சாப்பாடு, வெளியே போக அனுமதி எல்லாம் நம் கையில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. அந்த நிலையில் நம் நம்பிக்கையை நீட்டினால் அது வற்புறுத்தல்தான். இந்துவாக இருந்தாலும், இஸ்லாமியராக இருந்தாலும், அன்னையின் படத்தைக் கொடுக்கும் அரவிந்தர் ஆசிரமத்து அன்பராக இருந்தாலும் இதே கணக்குதான்.

அவராகக் கேட்டால்? அவர் மதத்தின் ஆளை வரவழைக்கலாம். பாதரோ இமாமோ குருக்களோ வர ஏற்பாடு செய்யலாம். பக்கத்தில் அமைதியாக நிற்கலாம்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு சீனியர், மன அழுத்தத்தில் இருந்த பெண்ணிடம் "நீ விசுவாசத்தில் குறைவாக இருக்கிறாய், அதான்" என்று சொன்னார். ஏற்கெனவே நான் பாவி என்று அழுதுகொண்டிருந்தவர். அன்று இரவு பூராவும் அவரை ஒரு நொடி விடாமல் கண்காணிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சீனியரைக் கூப்பிட்டுப் பேச அந்த வார்டில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தலைமைப் பயிற்சி என்று நான் கேட்பது இதற்குத்தான். தன்னைவிட வயதில் மூத்த ஒருவரைத் தனியாக அழைத்து, அவமானப்படுத்தாமல், "அக்கா, இதை இனிமேல் சொல்லாதீங்க" என்று சொல்லும் தெம்பு. அது தானாக வராது, பழக்கித்தான் வர வேண்டும்.

கருப்புச்சட்டை

நான் ஆண் செவிலியர், வார்டில் பிரதர் என்பார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். தேவனாம்பட்டினத்துத் தோழரைக் கேட்கிறேன்: உங்கள் முறையில் எனக்கும், என்னைப் போன்ற நோயாளிக்கும் இடம் உண்டா? 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர். அதற்கு அப்புறம் "சாமியே கிடையாது" என்று படத்தையெல்லாம் கடலில் எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவரிடம் போய் எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டால் என்ன ஆகும்?

தேவனாம்பட்டினத்தாள்

கண்டிப்பாக இடம் உண்டு தோழர். எங்கள் ஊரில் அந்தக் கோபத்தை நான் நேரில் பார்த்து வளர்ந்தவள். அதனால்தான் கெடிலக்கரை அண்ணன் சொன்ன அந்த சிஸ்டரின் கேள்வி எனக்கு இவ்வளவு பிடித்தது. அதில் சாமி என்ற சொல்லே இல்லை. நிம்மதி எங்கே என்றுதான் கேட்டார். சிலருக்குக் கோயில், சிலருக்கு வலை பின்னுவது, சிலருக்குப் பேத்தி. கடவுள்மேல் கோபமாக இருப்பவரின் கோபத்தைக் கேட்பதும் இதில் சேர்ந்ததுதான்.

புதுவைட்யூட்டர்

நர்சிங் கல்லூரியில் கற்பிக்கிறேன். மாணவிகளுக்கு நாங்கள் சொல்லித் தருவது: கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த நான்கு கேள்விகள் உண்டு, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: உங்களுக்குத் தெம்பு தருவது எது? அது உங்கள் வாழ்க்கையில், இந்த நோயில் எவ்வளவு முக்கியம்? உங்களோடு அதில் சேர்ந்து நிற்கிறவர்கள் யார்? இங்கே இருக்கும்போது அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மேட்ரன் அம்மா சொன்ன ஓவர் நேரத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும்.

ஆன்மிக வேதனை என்பது செவிலியர் நோயறிதல் பட்டியலிலேயே இருக்கிறது. "சாமி என்னைக் கைவிட்டுடுச்சு", "நான் செஞ்ச பாவத்துக்கு இது தண்டனை" என்று ஒருவர் சொன்னால் அது கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே ஏற வேண்டும். அது தற்கொலை அபாயத்தோடு சம்பந்தப்பட்ட தகவல்.

அப்புறம், சாமி வருவதையும் நோயையும் குழப்பிக்கொள்ளும் பிரச்சினை. திருவிழாவில் ஒருவருக்கு அருள் வருகிறது, உடுக்கை நின்றதும் இறங்கிவிடுகிறது, மறுநாள் வேலைக்குப் போகிறார், ஊரும் அதைத் தெரிந்த விஷயமாகப் பார்க்கிறது. இன்னொருவருக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, குரல் அவரைத் திட்டுகிறது, கோயில் பூசாரியே "இது வேற மாதிரி இருக்கு" என்கிறார். அந்தப் பூசாரியின் வார்த்தையைக் கேட்டு எழுதி வைக்கும் நர்ஸ் டாக்டருக்குப் பெரிய உதவி செய்கிறார்.

பரங்கிப்பேட்டைநர்ஸ்

இதெல்லாம் மனசைப் பற்றிய பேச்சு. நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர் ரமலான் நோன்பு வைக்கிறார். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். உப்பில்லாமல் சாப்பிடும் விரதம் இருப்பவருக்கும் அதேதான், உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம் என்று தொடங்கி ஐ.சி.யூ. வரை போகலாம். நோன்பு வைப்பீர்களா என்று யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை என்றால் அவராகச் சொல்ல மாட்டார், திட்டுவோம் என்று பயம். கேட்டால் டாக்டரிடம் சொல்லி ரத்த அளவு பார்க்கலாம், மருந்தை யோசிக்கலாம். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை அவர் மதிக்கும் ஆலிமே (மார்க்க அறிஞர்) எடுத்துச் சொன்னால் கேட்பார். நாம் சொன்னால் கேட்க மாட்டார்.

மருந்துச்சீட்டு

இது மிக முக்கியம் சிஸ்டர். இதோடு ஒன்று சேர்க்கிறேன். மின் அதிர்வு சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும், மயக்க மருந்து கொடுப்பதால். காலையில் சொந்தக்காரர் நல்லது நடக்கட்டும் என்று பிரசாதத்தை ஊட்டிவிட்டு வருவார். மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. சொல்லவும் மாட்டார்கள், பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை.

மேட்ரன்அம்மா

அதற்குத்தான் தம்பி முதல்நாள் சாயங்காலமே நர்ஸ் உட்கார்ந்து பேச வேண்டும். "நாளைக்கு விபூதி நெத்தியில வைங்க, வாயில போடாதீங்க. பிரசாதத்தைக் கொண்டாங்க, முடிஞ்சதும் நானே கொடுக்கறேன்" என்று சொன்னால் ஒருவர் விடாமல் கேட்பார்கள். நம்பிக்கையை மதித்துப் பேசுகிற சிஸ்டர் சொல்லும் கட்டுப்பாடு எடுபடும். "எதுவும் கொடுக்கக் கூடாது" என்று கத்திவிட்டுப் போகிற சிஸ்டர் சொல்வது எடுபடாது.

தொகுப்பூதியம்

சரி, இப்போது கொஞ்சம் புரிகிறது. நான் இதைக் கூடுதல் வேலை என்று நினைத்தேன். லித்தியமும் பிரசாதமும் ஏற்கெனவே என் வேலைதான். ஆனால் ஒரு கேள்வி. நான் ஓவரில் சொல்வதை ரவுண்ட்ஸில் யார் கேட்பார்கள்? ஒரு தடவை நோயாளி "அம்மன் என்னைக் கூப்பிடுறா, போகணும்" என்று ராத்திரி சொன்னதை நோட்ஸில் எழுதினேன். காலையில் படித்தவர் யாரும் இல்லை. பேசவும் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

தேவனாம்பட்டினத்தாள்

நம்முடைய இந்தப் பேச்சு முழுக்க இங்கேதான் வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி சொல்வதைக் கேட்பது வார்டிலேயே ஜூனியர் ஆள், அதுவும் ஒப்பந்த ஆள். அந்த வார்த்தை காலை ரவுண்ட்ஸ் வரை போய்ச் சேர வேண்டும் என்றால் நடுவில் ஒரு இன்-சார்ஜ் நிற்க வேண்டும். "டாக்டர், ஒரு நிமிஷம், நைட் சிஸ்டர் ஒரு விஷயம் சொல்லணும்" என்று நிறுத்தி, அந்தப் பிள்ளையையே பேச வைக்க வேண்டும். நானே சொல்லிவிட்டால் பெயர் எனக்கு வரும், அவள் அடுத்த தடவை எழுதமாட்டாள்.

எல்லோர் கருத்தையும் வைத்து முதல் மாதத்துக்கு நான் யோசித்திருப்பது இது. கயிறு, தாயத்து, ஜெபமாலை எதையும் வெட்டுவதில்லை. காரணம் சொல்லி, அவிழ்த்து, கவரில் பெயரோடு வைப்பது அல்லது குடும்பத்திடம் கொடுப்பது. அபாயம் குறைந்ததும் டாக்டரைக் கேட்டுத் திருப்பிக் கொடுப்பது. தாலியைப் பற்றி மட்டும் இன்னும் யோசிக்கிறேன், அது குடும்பத்தில் பெரிய சண்டையாகிறது. விரதம், நோன்பு பற்றி அட்மிஷனிலேயே கேட்பது, பழைய படிவத்தின் 'உணவு' வரியிலேயே எழுதுவது. நம் நம்பிக்கையை நோயாளியிடம் பேசுவதில்லை, யாராக இருந்தாலும்.

வில்லியனூர்ஜோ

தாலிக்கு எங்கள் வார்டில் செய்தது: முதலில் அந்தப் பெண்ணிடமே கேட்டோம். சிலர் கயிற்றில் கட்டியிருக்கும் மஞ்சள் கிழங்கை மட்டும் தனியாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன் என்றார்கள், கயிறு இல்லாமல். மாமியாரிடம் பேசும் வேலையை ஜூனியரிடம் விடாதீர்கள், நீங்களே பேசுங்கள். இன்-சார்ஜ் வந்து சொன்னால் குரல் தாழ்கிறது.

கெடிலக்கரை

குடும்பத்தினருக்கு ஒரு நாள் கூட்டம் வைத்தால் சொல்லுங்கள், நானும் தம்பியும் வருகிறோம். கோயிலுக்கும் போனோம், மாத்திரையும் போடுகிறோம் என்று எங்கள் வாயால் சொன்னால் புதுசாக வருகிறவர்கள் நம்புவார்கள். வீட்டில் யாருக்காவது ராத்திரியில் முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அடிக்கலாம் என்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது ரொம்ப நாள் தெரியாது.

தேவனாம்பட்டினத்தாள்

கட்டாயம் வைக்கிறேன் அண்ணா, தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன். டாக்டர், ரவுண்ட்ஸில் நைட் சிஸ்டருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கச் சொல்லி யூனிட் சீஃபிடம் கேட்கப்போகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து எப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்?

மருந்துச்சீட்டு

கொள்கையாகப் பேசாதீர்கள் சிஸ்டர், கேஸாகப் பேசுங்கள். லித்தியம் நோன்பு மாதிரி ஒரு நோயாளியை எடுத்து, நர்ஸ் கேட்டதால் என்ன தெரியவந்தது என்று காட்டுங்கள். திங்கட்கிழமை ரவுண்ட்ஸ் நீளமாக இருக்கும், செவ்வாய் அன்று கேளுங்கள்.